கோனும் மீட்டரும்

விருத்தாசலத்தில் சூளை வேலை தெரிந்தவர்களுக்கு மீட்டருக்கும் கோனுக்கும் உள்ள வேறுபாட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை. சூளைக்குள் இந்த நிமிடம் எத்தனை டிகிரி என்பதை மீட்டர் காட்டும். உள்ளே இருக்கும் சாமான் வெந்துவிட்டதா என்பதை அது காட்டாது. அதற்காகத்தான், களிமண்ணோடு இளக்கும் பொருள்களைக் கணக்காகச் சேர்த்துச் செய்த விரல் நீளக் கூம்பு ஒன்றை, அதாவது கோனை, சாமானுக்குப் பக்கத்திலேயே நிறுத்திவைக்கிறார்கள். பெர்லினில் பீங்கான் ஆராய்ச்சி செய்த ஹெர்மன் சேகர் 1886-இல் கொண்டுவந்த உத்தி இது. போதிய சூட்டைப் போதிய நேரம் வாங்கிய பிறகே கோன் தலை சாயும். அவசரமாக 1200 டிகிரியைத் தொட்டுவிட்டு இறங்கிய சூளையில் மீட்டர் பொய் சொல்லியிருக்காது; ஆனாலும் கோன் நிமிர்ந்தே நிற்கும், ஊறுகாய் ஜாடி கசியும். இந்த ஊரில் மருத்துவம் பார்ப்பவனுக்கு இந்த வேறுபாடு மருத்துவக் கல்லூரிப் பாடத்துக்குச் சமமாகக் கைகொடுக்கிறது. கையில் பட்டை சுற்றிப் பார்க்கும் பி.பி. கருவி ஒரு மீட்டர். உடலுக்குள் கோனும் இருக்கிறது. சிறுநீரகத்துக்குள், கண்ணுக்குத் தெரியாத அளவில், பல லட்சம் இடங்களில் அது நிற்கிறது. வெக்கையில் நின்று வேலை செய்கிறவர்களுக்கு மீட்டரை மட்டும் பார்த்து மாத்திரை எழுதுவது பாதி வைத்தியம் என்பது என் வாதம்.

முதலில் அந்தக் கோன் நிற்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். பீங்கான் ஆலையில் பால் மில் என்ற அரவை எந்திரத்தில் அரைத்த மண்குழம்பு பில்டர் பிரஸ்ஸுக்குப் போகும். பம்பு தள்ளும் அழுத்தத்தில் தண்ணீர் துணி வழியே வெளியேற, மண் பாளமாக உள்ளே தங்கும். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் இறங்காது, மிஞ்சினால் துணி கிழியும். சிறுநீரகத்தின் வடிகட்டியான கிளாமருலஸும் இதே விதிக்குக் கட்டுப்பட்டதுதான். இதயம் நிமிடத்துக்கு வெளியேற்றும் சுமார் 5 லிட்டர் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு, இரண்டும் சேர்ந்து 300 கிராம் அளவுக்கே தேறும் சிறுநீரகங்களுக்குப் போகிறது. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 லட்சம் வடிகட்டிகள். அவை எல்லாம் சேர்ந்து நிமிடத்துக்கு 125 மில்லி, நாளுக்கு 180 லிட்டர் வடிக்கின்றன. அதில் ஒன்றரை லிட்டர்தான் சிறுநீராக வெளியேறுகிறது, மற்றதெல்லாம் ரத்தத்துக்கே திரும்புகிறது. இந்த வேலைக்குக் கிளாமருலஸுக்குள் ஏறக்குறைய 50 முதல் 60 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் நிலையாக இருந்தாக வேண்டும். வெளியே நமது ரத்த அழுத்தமோ தூங்கும்போது ஒன்று, மூட்டை தூக்கும்போது ஒன்று, மருத்துவரைப் பார்த்ததும் இன்னொன்று. வெளியே இவ்வளவு ஆடினாலும் உள்ளே ஆடாமல் இருப்பது எப்படி என்ற கேள்விதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம்.

விடை குழாய் அமைப்பிலேயே இருக்கிறது. உடலின் மற்ற இடங்களில் தமனி வழியே வரும் ரத்தம் நுண்குழல்களைக் கடந்து சிரை வழியே போகும். கிளாமருலஸில் மட்டும் வருவதும் நுண்தமனி, போவதும் நுண்தமனி. அதாவது வடிகட்டிக்கு முன்னால் ஒரு திருகு, பின்னால் ஒரு திருகு. முன் திருகைத் திறந்தால் உள்ளே அழுத்தம் ஏறும். பின் திருகை இறுக்கினாலும் ஏறும். திருகுகளை யார் திருப்புவது? வடிந்த நீரை ஏந்திக்கொண்டு கிளம்பும் நுண்குழாய் சிறுநீரகத்தின் ஆழம் வரை இறங்கி, கொண்டை ஊசி போல வளைந்து, மறுபடி மேலேறி, தான் கிளம்பிய அதே கிளாமருலஸின் வாசலுக்கே வந்து, இரண்டு நுண்தமனிகளுக்கும் நடுவில் உரசிக்கொண்டு போகிறது. பல லட்சம் குழாய்களில் ஒன்றுகூட அடுத்த வீட்டு வாசலுக்குப் போவதில்லை. உரசும் இடத்தில் குழாயின் சுவரில் இருபதை ஒட்டிய எண்ணிக்கையில் செல்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. லத்தீனில் அடர்ந்த புள்ளி என்று பொருள்படும் மாக்குலா டென்சா என்பது அவற்றின் பெயர். எதிர்ப்புறம், உள்ளே வரும் நுண்தமனியின் சுவரில், ரெனின் என்ற பொருளைச் சிறு மணிகளாகச் சேர்த்துவைத்திருக்கும் செல்கள். இடையில் செய்தியைக் கடத்தும் இன்னொரு வகைச் செல்கள். மூன்றும் சேர்ந்ததை ஜக்ஸ்டா கிளாமருலர் அமைப்பு என்று பாடப்புத்தகம் சொல்லும். விழுப்புரம், திருச்சி, சேலம், கடலூர் என நான்கு திசைப் பாதைகளும் கூடும் ஊரில் இருந்துகொண்டு அதை ஜங்ஷன் என்று சொல்வதே எனக்கு வசதி.

இந்த ஜங்ஷனில் மாக்குலா டென்சா அளப்பது அழுத்தத்தை அல்ல, தன்னைக் கடந்து போகும் நீரில் உள்ள உப்பை. உப்பு அதிகமாக வந்தால் வடிகட்டி அளவுக்கு மீறி ஓடுகிறது என்று பொருள். உடனே அடினோசின் போன்ற பொருள்கள் வழியே செய்தி போய் முன் திருகு இறுகும். உப்பு குறைந்து வந்தால் வடிப்பது போதவில்லை என்று பொருள். அப்போது புரோஸ்டாகிளாண்டின் சுரந்து முன் திருகைத் தளர்த்தும், கூடவே ரெனின் மணிகளையும் அவிழ்த்துவிடும். ரெனின், கல்லீரல் தரும் ஒரு புரதத்தை வெட்டி, அதிலிருந்து ஆஞ்சியோடென்சின் பிறக்க வழி செய்கிறது. ஆஞ்சியோடென்சின் பின் திருகை இறுக்கும், உடல் முழுக்க ரத்தக்குழாய்களைச் சுருக்கும், ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோனைத் தூண்டி உப்பைத் திரும்பப் பிடித்துவைக்கும். நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: ரெனின் செல்கள் தாங்கள் குடியிருக்கும் நுண்தமனியின் விறைப்பையும் உணர்கின்றன, நரம்பின் கட்டளைக்கும் செவிசாய்க்கின்றன. எனவே ஜங்ஷனுக்கு அழுத்தமே தெரியாது என்று சொன்னால் தவறு. ஆனால் அங்கே தெரியும் அழுத்தம் அந்த நுண்தமனியின் அழுத்தம்; நாம் புயத்தில் பட்டை கட்டிப் படிக்கும் அழுத்தம் அல்ல.

இந்த இரண்டு அழுத்தங்களும் வெவ்வேறாக இருக்க முடியும் என்பதற்கு 1934-இலேயே சாட்சி கிடைத்துவிட்டது. கிளீவ்லாந்தில் ஹாரி கோல்ட்பிளாட் நாய்களின் சிறுநீரகத் தமனியில் சிறிய கவ்வியைப் போட்டு, முழுதும் அடைக்காமல் நெருக்கினார். நாய்களுக்கு ரத்த அழுத்தம் ஏறியது. உடலெங்கும் அழுத்தம் எகிற, கவ்விக்கு அந்தப் பக்கம் இருந்த சிறுநீரகம் மட்டும் தனக்குப் போதவில்லை என்று மேலும் மேலும் ரெனினைச் சுரந்தது. ரெனின் என்ற பொருள் ஒன்று இருப்பதை ஸ்டாக்ஹோமில் டிகெர்ஸ்டெட்டும் பெர்க்மனும் முயல் சிறுநீரகச் சாற்றை வைத்து 1898-இலேயே சொல்லியிருந்தார்கள். நாற்பது ஆண்டுகள் யாரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு பியூனஸ் ஏரிஸிலும் இண்டியானாபோலிஸிலும் ஒரே சமயத்தில் ஒரே பொருளைக் கண்டுபிடித்து ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். இரண்டு பெயர்களையும் பாதிப் பாதி ஒட்டிப் பிறந்ததுதான் ஆஞ்சியோடென்சின் என்ற இன்றைய பெயர். கோல்ட்பிளாட்டின் கவ்வி ஆய்வகத்தோடு நின்றுவிடவில்லை. நம் நாட்டில் இளம் பெண்களுக்கு மிக உயர்ந்த அழுத்தம் இருந்தால், தகயாசு நோய் சிறுநீரகத் தமனியைச் சுருக்கியிருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். அங்கே நோயே கவ்வியாகிறது. புயத்தில் 200 என்று காட்டும் மீட்டரும், ரத்தம் போதவில்லை என்று தவிக்கும் கோனும் ஒரே உடலில் ஒரே நேரத்தில் உண்மை பேசுகின்றன.

சிறுநீரகம் இதைத் தன்னிச்சையாகத்தான் செய்கிறதா, மூளையின் கட்டளைப்படி செய்கிறதா என்று கேட்கலாம். 1971-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வெற்றிகரமாக நடந்த மாற்று அறுவையை இந்தியாவின் சிறுநீரக மாற்று வரலாற்றின் தொடக்கமாகச் சொல்வார்கள். மாற்றிவைக்கும் சிறுநீரகத்தில் தமனி, சிரை, சிறுநீர்க்குழாய் மூன்றையும் தைப்பார்கள்; நரம்பை யாரும் தைப்பதில்லை. நரம்பு அறுந்த நிலையில், இடுப்பெலும்புக் குழியில் புதிதாகக் குடியேறிய அந்த உறுப்பு, வரும் அழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் தன் வடிப்பைத் தானே சரிசெய்துகொள்கிறது. மேற்பார்வையாளர் ஊரில் இல்லாவிட்டாலும் சூளைக்காரர் கோனைப் பார்த்துத் தீயைக் குறைப்பது போல என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி நம் ஊருக்கு வருவோம். மே மாத விருத்தாசலத்தில் வெயில் 40 டிகிரியைத் தொடும். சூளை இறக்கும் இடத்திலும் பக்கத்திலும் நிற்பவருக்கு அதற்கு மேலும் அனல். கடும் வெக்கையில் உடல் உழைப்பவர் மணிக்கு ஒரு லிட்டர் வரை வியர்க்கக்கூடும். ஒவ்வொரு லிட்டரோடும் ஒன்று முதல் மூன்று கிராம் உப்பு போகிறது, வெக்கைக்குப் பழகிய உடலில் சற்றுக் குறைவாக. குழாய்களில் ஓடும் ரத்தத்தின் அளவு குறையக் குறைய, மாக்குலா டென்சாவைக் கடக்கும் உப்பும் குறைகிறது. ஜங்ஷன் இரண்டு வேலைகளைச் செய்கிறது: புரோஸ்டாகிளாண்டினால் முன் திருகைத் திறக்கிறது, ஆஞ்சியோடென்சினால் பின் திருகை இறுக்குகிறது. இப்படி இருபுறமும் பிடித்துக்கொண்டுதான் 50 மில்லிமீட்டரைக் காப்பாற்றுகிறது. ஆஞ்சியோடென்சின் உடல் முழுக்கக் குழாய்களைச் சுருக்குவதால் புயத்தில் பார்க்கும் அழுத்தமும் விழுவதில்லை. 124/80 என்று அழகாக வரும். மீட்டர் பொய் சொல்லவில்லை. அந்த 124-ஐ நிறுத்திவைக்க உள்ளே எவ்வளவு இழுத்துப் பிடித்திருக்கிறது என்பதைத்தான் அது சொல்லவில்லை.

அந்த நிலையில் அவர் உடலில் என்னென்ன மாத்திரை இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பளு தூக்கி இடுப்பு வலித்ததால் மெடிக்கலில் வாங்கிய டைக்ளோஃபினாக்கோ ஐபுபுரோஃபெனோ இருந்தால், புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தி தடைப்பட்டு முன் திருகு திறக்காது. பி.பி.க்காக எனலாபிரிலோ டெல்மிசார்டனோ சாப்பிட்டால் பின் திருகு இறுகாது. கூடவே உப்பையும் நீரையும் வெளியேற்றும் மாத்திரை ஒன்று சேர்ந்திருந்தால் ஓடும் ரத்தத்தின் அளவே மேலும் குறையும். மூன்றும் தனித்தனியாகச் சட்டப்படியான, பலருக்கும் நன்மை செய்யும் மருந்துகள். மூன்றும் ஒருவரிடம், அதுவும் தண்ணீர் வற்றிய ஒரு பிற்பகலில் கூடும்போது, வடிகட்டியின் அழுத்தத்தைத் தாங்க இரண்டு கைகளும் இல்லாமல் போய்விடுகின்றன. அப்போதும் பி.பி. கருவி அபாயமாக எதையும் காட்டாமல் போகலாம். சற்றுக் குறைந்த எண்ணைக் காட்டி, மாத்திரை நன்றாக வேலை செய்கிறது என்று மகிழவும் வைக்கலாம். இந்த மூன்றின் கூட்டைப் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதி எழுதிப் பழையதாகிவிட்டது. ஆனால் இடுப்பு வலிக்கு மாத்திரை தரும் கடைக்காரருக்கும், பி.பி.க்கு எழுதும் மருத்துவருக்கும், கால் வீக்கத்துக்கு எழுதும் இன்னொரு மருத்துவருக்கும் ஒருவர் எழுதுவது மற்றவருக்குத் தெரிவதில்லை. மூன்று சீட்டும் சந்திக்கும் ஒரே இடம் நோயாளியின் ஜங்ஷன்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். எனலாபிரில், டெல்மிசார்டன் வகை மருந்துகள்தாம் சிறுநீரகத்தைக் காப்பவை என்று நிரூபணமாகியிருக்கிறதே, அவற்றையா குறை சொல்வது? பிரேசில் நாட்டு ஜராராக்கா என்ற விரியன் பாம்பின் நஞ்சிலிருந்து தொடங்கிய ஆராய்ச்சியில் பிறந்த காப்டோபிரில், நீரிழிவால் கெட்டுக்கொண்டிருந்த சிறுநீரகங்களைக் காப்பதை 1993-இல் வெளியான பெரும் ஆய்வு காட்டியது. மறுப்பவர்கள் இன்னொன்றையும் எடுத்துவைக்கலாம்: சிறுநீரகம் பெரிதும் கெட்ட பிறகு இம்மருந்துகளை நிறுத்தினால் நல்லதா என்று பிரிட்டனில் சோதித்தார்கள், நிறுத்தியவர்களுக்கு எந்த நன்மையும் இல்லை என்று 2022-இல் முடிவு வந்தது. இரண்டையும் நான் முழுமையாக ஏற்கிறேன். சொல்லப்போனால், இரண்டும் என் வாதத்துக்கே வலு சேர்ப்பவை. நீரிழிவில் வடிகட்டிக்குள் அழுத்தம் மிஞ்சிக்கிடக்கிறது; துணி கிழியும் நிலை. பின் திருகைத் தளர்த்தும் மருந்து அங்கே காக்கிறது. வற்றிய உடலில் அழுத்தம் போதாமல் கிடக்கிறது. அதே தளர்வு அங்கே கெடுக்கிறது. நல்ல மருந்தா கெட்ட மருந்தா என்று கேட்பதில் பயனில்லை. அந்த நாளில் கோன் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கேட்க வேண்டும். பிரிட்டன் ஆய்வு சோதித்தது நிலையாக இருந்த நோயாளிகளிடம் நிரந்தரமாக நிறுத்துவதை. வயிற்றுப்போக்கிலோ வெக்கையிலோ வற்றிப்போன இரண்டு நாளைக்கு நிறுத்திவைப்பதைப் பற்றி அது பேசவில்லை.

மாக்குலா டென்சா ஏதோ பாடப்புத்தக நுணுக்கம் என்று நினைப்பவர்களுக்கு, டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளின் கதையைச் சொல்வேன். சர்க்கரையைச் சிறுநீரில் இறக்கிவிடத்தான் இவை வந்தன. இவை சர்க்கரையோடு உப்பையும் முன்பகுதிக் குழாயிலேயே பிடிக்கவிடாமல் கீழே அனுப்புகின்றன. கூடுதல் உப்பு மாக்குலா டென்சாவைக் கடக்கிறது. ஜங்ஷன் முன் திருகை இறுக்குகிறது. வடிகட்டிக்குள் மிஞ்சியிருந்த அழுத்தம் இறங்குகிறது. வடிப்பு குறைந்தால் ரத்தத்தில் கூடும் கிரியாட்டினின் முதல் சில வாரங்களில் சற்று ஏறுவதைப் பார்த்து மருத்துவர்களே பயந்தார்கள். பிறகு 2019, 2020 ஆண்டுகளில் வெளியான பெரிய ஆய்வுகள், மருந்தைத் தொடர்ந்தவர்களுக்குச் சிறுநீரகம் கெடும் வேகம் குறைந்ததைக் காட்டின; சர்க்கரை நோய் இல்லாதவர்களிடமும்கூட. அந்தப் புள்ளிக்குப் போகும் உப்பைக் கொஞ்சம் மாற்றியதே ஆண்டுக்கணக்கில் டயாலிசிஸைத் தள்ளிப்போட உதவுகிறது என்றால், தினமும் பல லிட்டர் வியர்வையில் உப்பை இழக்கும் ஒருவரின் ஜங்ஷனில் என்ன நடக்கிறது என்று கேட்காமல் எப்படி வைத்தியம் பார்ப்பது?

அடுத்த மறுப்பு பீங்கான் தொழிலை அறிந்தவர்களிடமிருந்தே வரும். வெக்கையை ஏன் சொல்கிறீர்கள், சிலிக்கா தூசியும் ஈயக் கிளேஸும் இல்லையா? இருக்கின்றன. சிலிக்கா நுரையீரலைக் கெடுப்பதோடு சிறுநீரக நோய்க்கும் தொடர்புள்ளது. ஈயம் கலந்த கிளேஸ் உலகெங்கும் பானை செய்பவர்களைக் கெடுத்த பழைய பகை. குழாய்ச் செல்களில் படிந்து, கீல்வாதத்தையும் பி.பி.யையும் கூட்டிக்கொண்டு வரும். பிரித்தறிய ஒரு வழி உண்டு. தூசியும் ஈயமும் ஆண்டு முழுக்க ஒரே திசையில் அரிக்கும். வெக்கையால் வரும் அடி கோடையில் ஏறி, மழை தொடங்கியதும் ஓரளவு இறங்கும். ஆண்டுதோறும் அப்படி அடிபட்டால் தழும்பு நிலைக்கும். மார்ச்சிலும் ஜூனிலும் கிரியாட்டினின் பார்த்தால் எது எவ்வளவு என்பதன் வடிவம் கொஞ்சமாவது தெரியும். வெக்கையின் பங்கைத் தமிழ்நாட்டிலேயே ஆய்ந்திருக்கிறார்கள். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் உப்பளங்களில் 352 தொழிலாளர்களைப் பார்த்ததில், சுமார் 7 விழுக்காட்டினருக்கு வடிக்கும் திறன் குறைந்திருந்தது. ஆந்திரத்தின் உத்தானம், இலங்கையின் வடமத்திய மாகாணம், எல் சால்வடோர், நிகரகுவாவின் கரும்புத் தோட்டங்கள் என வெயிலில் உழைப்போரிடம் காரணம் புலப்படாமல் பரவும் சிறுநீரக நோய் பற்றிய சர்ச்சை இன்னும் ஓயவில்லை. பூச்சிமருந்தா, நீரா, வெக்கையா என்று பிரிந்து வாதிடுகிறார்கள். அந்தச் சர்ச்சையில் நான் கட்சி சேரவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: இந்த நோயாளிகளில் பலருக்கு, நோய் முற்றும் வரை, ரத்த அழுத்தம் இயல்பாகவே இருந்திருக்கிறது. மீட்டர் கடைசி வரை மௌனம். நிகரகுவாவில் தண்ணீர், நிழல், ஓய்வு மூன்றையும் முறைப்படுத்தியபோது கரும்பு வெட்டுவோரின் சிறுநீரக பாதிப்பு குறைந்ததாகப் பதிவாகியிருக்கிறது.

அப்படியானால் உப்புக் கரைத்துக் குடிக்கச் சொல்கிறீர்களா, பி.பி. நோயாளிக்கு அது விஷமாயிற்றே என்பது மூன்றாவது மறுப்பு. இதில் நான் ஜாக்கிரதையாகப் பேச வேண்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு. பழைய சோற்றுக்கு ஊறுகாய், குழம்புக்குக் கருவாடு, கூட அப்பளம் என்று சாப்பிடுகிறவருக்கு அது காலையிலேயே முடிந்துவிடும். வெக்கைக்குப் பழகிய உடல் ஆல்டோஸ்டீரோனைக் கொண்டு வியர்வையில் போகும் உப்பையும் சேமித்துக்கொள்கிறது. எனவே சூளைக்காரர்களில் பெரும்பாலோருக்கு முதலில் தேவை தண்ணீர்; உப்பு சாப்பாட்டிலேயே வந்துவிடுகிறது. நாள் முழுக்க அனலில் நின்று தசைப்பிடிப்பு வந்தவருக்கும் வயிற்றுப்போக்கு உள்ளவருக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசல். அளவுக்கு மீறிய வெறும் தண்ணீரும் ஆபத்து, அதிலும் உப்பை வெளியேற்றும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு. மறுபக்கம், வேண்டாத உப்பு மிகுந்தவரிடம் ஜங்ஷன் ரெனினை அடக்கிவைத்திருக்கும்; அவருக்கு டெல்மிசார்டன் எழுதினால் அடைக்க வேண்டிய கதவே சாத்தித்தான் இருக்கிறது, மாத்திரை பாதி வேலைதான் செய்யும். நியூயார்க்கின் ஜான் லாரா ரெனினைச் சிறுநீர் உப்போடு சேர்த்து வைத்துத்தான் படிக்க வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க வாதிட்டது இதனால்தான். இங்கே ஒரு சொல் சிக்கலும் இருக்கிறது. சிறுநீரில் புரதம் இறங்கினால் நம் ஊரில் ‘உப்பு போகுது’ என்பார்கள். கிரியாட்டினின் கூடினாலும் ‘உப்பு ஏறிடுச்சு’தான். மூன்று வெவ்வேறு பொருள்களுக்கு ஒரே சொல். சீட்டில் உப்பைக் குறை என்று எழுதும்போது அவர் எதைக் குறைக்கப்போகிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

விருத்தாசலத்தில் யாரால் ரெனின் அளக்க முடியும் என்றும் கேட்கலாம். முடியாது, முடிந்தாலும் நான் எல்லோருக்கும் எழுத மாட்டேன். கோனைப் பார்க்கக் கேள்விகள் போதும். என்ன வேலை: அச்சில் குழம்பு ஊற்றுவதா, பிசிர் எடுப்பதா, சூளை ஏற்றி இறக்குவதா? நிழலா அனலா? கடைசியாகச் சிறுநீர் போனது எப்போது, என்ன நிறம்? பெண்களிடம் இந்தக் கேள்விக்குத் தனி எடை உண்டு. கழிப்பறை வசதி இல்லாத வேலையிடங்களில் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்வது தமிழ்நாடெங்கும் பதிவான செய்தி. அவர்களின் ஜங்ஷனைக் காக்கும் மருந்து மாத்திரைப் பட்டையில் இல்லை, பூட்டுப் போட்டுக் கொள்ளக்கூடிய ஒரு கதவில் இருக்கிறது. வலிக்கு என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் ஒன்றும் இல்லை என்பார்கள். தலைவலிக்கு, முதுகுக்கு, பல்லுக்கு என்று தனித்தனியாகக் கேட்டால்தான் பதில் வரும். சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று பார்க்கும் பட்டைச் சோதனைக்குப் பெரிய செலவில்லை. புரதம் இல்லாத, அனலில் நிற்கும், பி.பி. மட்டும் உள்ள ஒருவருக்கு அம்லோடிபினில் தொடங்குவேன். அது இந்தத் திருகுப் பிடியை அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை. புரதம் இறங்குகிறது என்றால் எனலாபிரிலோ டெல்மிசார்டனோ தந்தே ஆக வேண்டும். வாந்தி, பேதி, சாப்பிட முடியாமை இருக்கும் நாளில் அதையும் நீர் மாத்திரையையும் நிறுத்திவைத்து, மறுபடி சாப்பிடத் தொடங்கிய நாளில் போட வேண்டும் என்று சீட்டிலேயே எழுதித் தருவேன், வலிக்குப் பாராசிட்டமால்.

இந்தக் கடைசி அறிவுரைக்கு வலுவான ஆய்வுச் சான்று இல்லை என்று சுட்டிக்காட்டுபவர்கள் சரியாகவே சொல்கிறார்கள். நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்க மறந்துவிடுவார்கள், எந்த நாள் அந்த நாள் என்று தவறாகக் கணிப்பார்கள் என்ற அச்சமும் நியாயமானது. இதயம் பலவீனமானவரிடம் அப்படி மறப்பது சிறுநீரகத்தைக் காப்பதாக நினைத்து உயிரைப் பணயம் வைப்பதாகும். அதனால் எல்லோருக்கும் இதை எழுதுவதில்லை. வேலையும் பருவமும் மாத்திரையும் சேர்ந்து இடிக்கும் ஆளுக்கு மட்டும். பருவத்தைப் பொறுத்தவரை, தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது 2024-இல்தான். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டிலிருந்து பி.பி., சர்க்கரை மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. ஆஸ்பத்திரிக்கு வர ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியவருக்கு இது பெரிய காரியம். இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் மாதம் மாறினாலும் மாத்திரைப் பட்டை மாறுவதில்லை. மே மாதப் பட்டையும் டிசம்பர் மாதப் பட்டையும் ஒன்றுதான். வாசலில் நின்று பட்டை சுற்றிப் பி.பி. பார்க்கும் திட்டத்தின் பெண் தன்னார்வலர் கூடவே இரண்டு கேள்விகள் கேட்டால் என் வேலையில் பாதி குறையும்: இப்போது சூளைப் பக்கம் வேலையா, இந்த வாரம் வலி மாத்திரை ஏதும் போட்டீர்களா? இரண்டுக்கும் ஆம் என்றால், பி.பி. எவ்வளவு அழகாக இருந்தாலும், அக்னி நட்சத்திரம் முடிவதற்குள் அவர் ஒரு கிரியாட்டினின் பரிசோதனைக்கு வர வேண்டும்.